நீட் மறுபடி எழுதப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ரிசல்ட் வந்த மறுநாளே வியாசர்பாடி, தண்டையார்பேட்டை வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும்: "இன்னொரு வருஷம் ரிப்பீட் பண்ணட்டும்." பண்ணட்டும், தப்பே இல்லை. ஆனால் நகையை அடகு வைத்து கோச்சிங் ஃபீஸ் கட்டும் முன், போன தேர்வில் மார்க் எங்கே போனது என்று பார்த்தீர்களா? பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதல் தவறு.

விடைக்குறிப்பு வெளியாகும்போது ஓஎம்ஆர் தாளின் நகலையும் தேர்வு முகமை இணையத்தில் போடுகிறது. அப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வினாத்தாளையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே பென்சிலால் காரணம் எழுதுங்கள்: பாடம் தெரியவில்லை, தெரிந்தும் கணக்கில் சறுக்கல், குருட்டாம்போக்கில் அடித்தது. 2025 தேர்வில் 180 கேள்வி, 720 மார்க். சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. குருட்டாம்போக்கில் அடித்துத் தப்பான 20 கேள்வியைத் தொடாமல் விட்டிருந்தாலே 20 மார்க் கூடியிருக்கும். சறுக்கிய 20 கேள்வியைச் சரியாகப் போட்டிருந்தால் 100. சறுக்கல்தான் அதிகம் என்றால் தேவை டெஸ்ட் பயிற்சி. முழு வகுப்புக்காக அண்ணா நகர் வரை தினம் பஸ்ஸில் அலைய வேண்டியதில்லை. பயாலஜியில் 'தெரியவில்லை' நிறைய விழுந்தால் என்சிஇஆர்டி புத்தகத்தை வரி விடாமல் படியுங்கள். பாதி மார்க், அதாவது 360, அதில்தான் இருக்கிறது.

"பக்கத்து வீட்டு அண்ணன் 600 வாங்கியும் சீட் கிடைக்கலையே" என்று பயப்படுவதும் வீண். 2024-இல் 720-க்கு 720 வாங்கியவர்களே பலர். 2025-இல் முதலிடமே 686. பொதுப்பிரிவுத் தகுதி மார்க் 162-இலிருந்து 144-க்கு இறங்கியது. ஆண்டுக்கு ஆண்டு மார்க் இப்படி ஏறி இறங்கும். அதனால் மார்க்கை விட்டுவிட்டு ரேங்கைப் பாருங்கள்.

இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினில் ஒரே ஆண்டில் இரண்டு முறை எழுதினால் நல்ல ஸ்கோரை எடுத்துக்கொள்வார்கள். நீட்டில் அந்தந்த ஆண்டு மார்க்குக்கு அந்த ஆண்டோடு மதிப்பு முடிந்தது. ஆகவே வேறு எதற்கும் விண்ணப்பிக்காமல் வீட்டில் உட்காருவது ஆபத்து. நம் மாதவரத்தில் தலைமையகம் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகம், மாநில ஒதுக்கீட்டு பி.வி.எஸ்சி. இடங்களை பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் தருகிறது. நர்சிங்கும் தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கும் அப்படியே.

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல் ஒடுங்கிப் போனால் "மார்க் என்ன ஆச்சு" என்று அப்போது கேட்காதீர்கள். 104 (அரசு சுகாதார உதவி எண்) அல்லது 14416-க்கு (மனநல உதவி எண்) போன் போட்டுப் பேச வையுங்கள். படிப்பு காத்திருக்கும்.

மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு முதல் முறை எழுதுபவர்களுக்கு மட்டும்தான் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். ரிப்பீட்டருக்கும் உண்டு, மாநகராட்சிப் பள்ளியும் கணக்கில் சேரும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்ததற்குச் சான்று வேண்டும். நடுவில் வீடு மாறிப் பள்ளியும் மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளிக்கும் போய் போனஃபைடு வாங்க வேண்டும். கவுன்சிலிங் நேரத்தில் ஓடாமல் இப்போதே வாங்கி வையுங்கள்.