ஏழைப் பிள்ளைகளுக்கு உதவும் திருச்சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆராதனை முடிந்ததும் ஒரு சிறுமியைப் பெயர் சொல்லிப் பீடத்துக்கு முன்னால் அழைத்து, சபையின் பெயர் பெரிதாக அச்சிடப்பட்ட புத்தகப்பையை அவள் கையில் கொடுத்து, எழுத்துகள் படத்தில் விழும்படி இன்னும் சற்று உயர்த்திப் பிடிக்கச் சொன்னதை நேரில் பார்த்திருக்கிறேன். ஓய்வுநாள் பள்ளியில் அவளோடு படிக்கும் பிள்ளைகள் முன்வரிசையில்தான் அமர்ந்திருந்தார்கள். கொடுத்தவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அதுவரை அவர்களில் ஒருத்தியாக இருந்தவள் அந்த ஒரு நிமிடத்தில் 'ஏழைப் பிள்ளை' ஆகிவிட்டாள். வலதுகை செய்வதை இடதுகை அறிய வேண்டாம் என்று மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கும் சபை, கணக்குக் காட்டப் படம் தேவை என்று சொல்வது பொருந்தாது. கணக்குக்கு ரசீதும் பெற்றோரின் கையொப்பமும் போதும். பையைப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டால், அது அம்மா வாங்கிக் கொடுத்த பையாகவே பிள்ளையின் தோளில் இருக்கும்.

யாக்கோபு நிருபம் 1:27 திக்கற்ற பிள்ளைகளை 'விசாரிக்க'ச் சொல்கிறது. பல சபைகள் விசாரிப்பதற்கு முன்பே கொடுக்க வேண்டிய பொருள்களின் பட்டியலை எழுதிவிடுகின்றன. பள்ளிக்கு வராத பிள்ளைக்குக் குறிப்பேடு இல்லாமல் இருக்கலாம். அல்லது தாய் வேலைக்குப் போனபின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாமல் இருக்கலாம். இரண்டாவதுதான் காரணம் என்றால், வாரநாள்களில் பூட்டிக் கிடக்கும் சபை மண்டபத்தைக் குழந்தைகள் காப்பகமாகத் திறப்பதே உதவி. இப்படித் தேவையை அறிந்து உதவியதற்கு முன்மாதிரி உண்டு: இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் 1780-இல் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளி, வாரமெல்லாம் வேலை செய்த பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைத்த ஒரே நாளில் எழுத்தறிவு கொடுத்தது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வறுமையைக் காரணம் காட்டிப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து விடுதியிலோ இல்லத்திலோ சேர்ப்பது. உலகெங்கும் 'அநாதை இல்லம்' என்று அழைக்கப்படும் இடங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வறுமை ஒன்றை மட்டுமே காரணமாக்கிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை 2009-இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்டவர்கள், குறிப்பாக இரண்டு வயதுக்கு முன்பே மாற்றப்பட்டவர்கள், இல்லத்திலேயே விடப்பட்டவர்களைவிட அறிவிலும் பாசப்பிணைப்பிலும் நன்றாக வளர்ந்தது தெரியவந்தது. இல்லம் கட்டினால் நன்கொடையாளர் பெயரைக் கல்லில் பொறிக்கலாம். ஒரு தாயின் வீட்டு வாடகையைச் சில மாதங்கள் கட்டினால் பொறிக்க இடமில்லை. காணிக்கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை இது ஓரளவு விளக்குகிறது.

உதவியை ஆராதனை வருகையோடும் ஞானஸ்நானத்தோடும் முடிச்சுப் போடுவது வேறொரு தவறு. இயேசுவிடம் சுகம்பெற்ற பத்துக் குஷ்டரோகிகளில் ஒன்பது பேர் நன்றி சொல்லத் திரும்பி வரவில்லை. அதற்காக அவர்களுடைய சுகம் பறிக்கப்படவில்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் பொட்டலங்களோடு போவதும் இப்படித்தான் சபையின் வசதிக்கேற்ற உதவியாக நின்றுவிடுகிறது. முப்பது பிள்ளைகளுக்கு ஓராண்டு கட்டணம் கட்டிவிட்டு நிறுத்துவதைவிட, மூன்று பிள்ளைகளைப் பள்ளிப்படிப்பு முடியும்வரை தாங்குவது மேல்.

கடைசியாக, "நம் சபை ஆள்தானே" என்று பின்னணி விசாரிக்காமல் எவரையும் பிள்ளைகளிடம் விடக் கூடாது. மாலைப் பாடவகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், அறைக்கதவு திறந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளை புகார் சொன்னால், சபையின் நற்பெயருக்காக மூப்பர்கள் தங்களுக்குள் பேசி முடிக்காமல், அன்றைக்கே காவல்துறையிடமோ குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளிடமோ தெரிவிக்க வேண்டும்.