முட்டி வலி இருக்குற அம்மா அப்பாவ இங்கிலாந்து காட்டுப்பாதைல கூட்டிட்டு போறது எப்படி

சம்மர்ல ஊர்லேர்ந்து அம்மா அப்பா வந்தா லண்டன்ல பாக்க வேண்டியதெல்லாம் சீக்கிரமே முடிஞ்சிடும், அப்புறம் பாவம் நாலு சுவத்துக்குள்ளயே உக்காந்திருப்பாங்க. முட்டி வலி இருக்கே, காட்டுக்குள்ள எப்படி நடப்பாங்கன்னு யோசிக்காதீங்க. கன்ட்ரி பார்க்னு ஒண்ணு இருக்கு, ஜனங்க வந்து காத்தாட நடக்குறதுக்குன்னே வச்சிருக்குற காடும் புல்வெளியும், 1968ல வந்த கன்ட்ரிசைட் சட்டத்துக்கு அப்புறம் கவுன்சில்கள் ஊருக்கு ஊரு ஆரம்பிச்சது, அதுல நிறைய இடத்துல ஈஸி ஆக்சஸ் டிரெயில்னு வீல்சேர், பிராம் எல்லாம் போற மாதிரி பாதை போட்டு வச்சிருக்காங்க.

லண்டனுக்கு தென்கிழக்குல கென்ட்ல இருக்குற ட்ராஸ்லி கன்ட்ரி பார்க்க எடுத்துக்கங்க. நார்த் டவுன்ஸ் மலை விளிம்புல இருக்கு. கார் பார்க் மேலயே இருக்கறதால ஈஸி டிரெயில் மேல்மட்டத்துலயே மரங்களுக்கு நடுவுல போகும். கீழ இறங்குற பாதையும் அங்க உண்டு, அது செங்குத்து, மழை பெஞ்சா சுண்ணாம்புத் தரை வழுக்கும், பெரியவங்களோட அந்தப் பக்கம் போகவே போகாதீங்க. ஒவ்வொரு டிரெயிலுக்கும் ஒரு கலர் அடையாளம் கம்பத்துல இருக்கும், கிளம்புற இடத்துல போர்டுல உங்க கலர் எதுன்னு பாத்துட்டு போர்ட அப்படியே ஒரு போட்டோ எடுத்துக்கங்க, காட்டுக்குள்ள சிக்னல் போனாலும் அது கைல இருக்கும்.

ஈஸின்னு எழுதியிருந்தா போதும்னு மட்டும் நினைக்காதீங்க. நான் முன்னாடியே பாக்குறது மூணு விஷயம், தரை என்ன தரை, ஏத்தம் எவ்வளவு, உக்கார பெஞ்ச் எங்கெங்க இருக்கு. 20 அடி நடந்தா 1 அடி ஏறுற அளவுக்குள்ள இருந்தா வீல்சேர் தள்ளுறவங்களுக்கும் மூச்சு வாங்காது. பார்க் ஆபீசுக்கு போன் பண்ணி கேட்டா ரேஞ்சர்களே சொல்லுவாங்க, மழைக்கு அப்புறம் சேறா இருக்கான்னும் கேட்டுடுங்க. டாய்லெட்ட கிளம்புறதுக்கு முன்னாடியே முடிச்சுக்கணும், உள்ள எங்கயும் கிடைக்காது.

செருப்பு வேண்டாம், ஷூ போட்டே ஆகணும், புடவைன்னா கொஞ்சம் தூக்கி கட்டினா போதும். வீல்சேரோட சின்ன முன்சக்கரம் ஜல்லிலயோ வேர்லயோ மாட்டும், அப்ப முன்னாடி இடிச்சு தள்ளாம சேர லேசா பின்னாடி சாய்ச்சு பின்சக்கரத்துல தாண்டுங்க, சரிவான இறக்கம் வந்தா நீங்க திரும்பி பின்னோக்கி மெதுவா இறக்குங்க. அவங்க வேகத்துக்குத்தான் நடக்கணும், "இன்னும் கொஞ்ச தூரம்தாம்மா"ன்னு இழுத்துட்டு போகாதீங்க, அவங்க முடியலன்னு சொல்றதுக்கு முன்னாடியே நீங்களே திரும்பிடுங்க, ஏன்னா வந்த அதே தூரம் திரும்பவும் நடக்கணும்.

நாய்ங்க கயிறு இல்லாம ஓடி வரும், நம்ம பெரியவங்க பயந்துடுவாங்க. ஓடாம அப்படியே நிக்க சொல்லுங்க, நாய்க்காரங்ககிட்ட கொஞ்சம் பிடிச்சுக்கங்கன்னா உடனே பிடிச்சுப்பாங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

பாதை ஓரத்துல காஞ்சொறி மாதிரியே ஒரு செடி நிறைய இருக்கும், நெட்டில், தொட்டா அதே அரிப்புதான், அம்மாவுக்கு காட்டினா ஒரு பார்வைலயே புரிஞ்சுக்குவாங்க. அக்டோபர்ல போனா கீழ முள்ளு ஓட்டுக்குள்ள செஸ்ட்நட் கொட்டை கிடக்கும், முள்ளு ஊசி ஊசியா நெருக்கமா முள்ளம்பன்றி மாதிரி இருந்தா ஸ்வீட் செஸ்ட்நட், தின்னலாம். முள்ளு குட்டையா அங்கங்க இருந்து, உள்ள கொட்டை பளபளன்னு உருண்டையா இருந்தா கான்கர், அது விஷம், பேரப்பிள்ளைங்க வாய்ல போடாம பாத்துக்கங்க. ஏப்ரல் கடைசி, மே மாசம்னா தரையெல்லாம் ப்ளூபெல் நீலமா பூத்திருக்கும், போட்டோவுக்காக உள்ள இறங்கிடாதீங்க, இலை நசுங்கினா செடி மீள வருஷக்கணக்கா ஆகும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் உண்ணி இருக்கான்னு பாத்துடணும், முட்டிக்குப் பின்னாடி, அக்குள், இடுப்பு. இருந்தா எண்ணெய் ஊத்துறது, நெருப்பு வைக்கிறது எதுவும் வேண்டாம். நுனி கூரான ட்வீஸர்ல தோலோட ஒட்டி பிடிச்சு நேரா மெதுவா இழுத்துட்டு சோப்பு போட்டு கழுவுங்க. உண்ணி கடிச்சு பரவுற லைம் நோய் வந்தா தோல்ல தடிப்பு பெரும்பாலும் 1லேர்ந்து 4 வாரத்துல தெரியும், சில சமயம் 3 மாசம் கூட ஆகும், நம்ம மாநிறத் தோல்ல அடிபட்டு கன்னிப்போன மாதிரிதான் தெரியும். அதுக்குள்ள அவங்க ஊருக்கே போயிருப்பாங்க, அதனால அங்க டாக்டர்கிட்ட போனா "இங்கிலாந்துல காட்டுல நடந்தோம், உண்ணி கடிச்சுது"ன்னு மறக்காம சொல்ல சொல்லி அனுப்புங்க.