சிறுநீரக மாற்று செய்த குழந்தைக்குப் பரிசோதனை நாள்: ரத்தம் எடுக்கும் முன் மருந்து வேண்டாம்

புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தைத் தினம் இரு வேளை சாப்பிடும் குழந்தைக்கு அன்று கடிகாரம்தான் முக்கியம். முந்தின இரவு 8 மணிக்குக் கொடுத்திருந்தால், காலை 8 மணியை ஒட்டி ரத்தம் எடுக்க வேண்டும். அடுத்த வேளைக்குச் சற்றுமுன் உடலில் மிச்சமிருக்கும் அளவைத்தான் மருத்துவர் பார்க்கிறார். காலை மருந்தைப் பையில் எடுத்துப்போய், ரத்தம் எடுத்த கையோடு கொடுங்கள். பழக்கத்தில் வீட்டிலேயே கொடுத்துவிட்டால் அளவு கூடுதலாகத் தெரியும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால், புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கும் ஆபத்து வரும். தவறிக் கொடுத்திருந்தால் மறைக்காமல் நேரத்தைச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

ஊசிக்கு அழும் குழந்தையா? மரத்துப்போகும் க்ரீமை மருத்துவரிடம் எழுதி வாங்கி, ஒரு மணி நேரம் முன்பே தடவுங்கள்.

ரத்த அழுத்தம், எடை, குடித்த தண்ணீர், விட்டுப்போன வேளைகள் எல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும். வயிற்றுப்போக்கைக் கட்டாயம் சொல்லுங்கள், அது டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தும் அப்படித்தான். ஐபுபுரூஃபன் என்ற வலி, காய்ச்சல் மருந்து சிறுநீரகத்தையே கெடுக்கும். பம்ப்ளிமாஸ் பழம் வேண்டாம்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பரிசோதனை நாளுக்குக் காத்திருக்காதீர்கள். அப்போதே மாற்று சிகிச்சைக் குழுவை அழையுங்கள்.