கிணற்று நீச்சலிலிருந்து மூழ்கிய கப்பல் வரை

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நீச்சல் என்றால் பெரும்பாலும் கிணற்று நீச்சல்தான். மேட்டிலிருந்து குதித்து, மூச்சை அடக்கி, அடிமண்ணை அள்ளிக்கொண்டு மேலே வருகிறவரே கெட்டிக்காரர். காற்றுச் சிலிண்டரை முதுகில் சுமந்து கடலில் மூழ்கும் ஸ்கூபா கற்கப் போகிறவர் முதலில் மறக்க வேண்டியது அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத்தான்.

கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல் இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து அடக்கியபடி மேலே வந்தால், அது விரிந்து நுரையீரலையே கிழித்துவிடக்கூடும். கிணற்றிலோ, கரையில் இழுத்த காற்று கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்புவதால் இந்த ஆபத்து இல்லை. ஆகவே சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் வாயில் இருக்கும்வரை மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது நழுவினாலும் சிறு குமிழிகளாகக் காற்றை விட்டுக்கொண்டிருக்க வேண்டும். என் முதல் பயிற்சியில் ஆசிரியர் இருமுறை என் நெஞ்சைத் தட்டினார். குமிழிகள் நின்றுபோனதை நான் உணரவே இல்லை.

காது வலியையும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. வலி தொடங்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் சரிசெய்யுங்கள். சளி பிடித்திருந்தால் அன்று இறங்கவே வேண்டாம்.

தமிழ் பேசும் கரையிலேயே மூழ்கிய கப்பல் பார்க்க விரும்புவோருக்கு மட்டக்களப்பு ஏற்றது. மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்னும் எண்ணெய்க் கப்பல் கல்குடாவுக்கு அருகே சுமார் 24 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அடிப்படைச் சான்றிதழுக்கு எல்லை 18 மீட்டர் என்பதால் அடுத்த நிலைப் பயிற்சியையும் முடித்துவிட்டுச் செல்லுங்கள். அதே நாளில் மூழ்கிய ஹெர்மிஸ் என்னும் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. அது ஆழ்மூழ்கலுக்கான தனித் தொழில்நுட்பப் பயிற்சி பெற்றவர்களுக்கு உரியது.

கப்பலை நெருங்கியதும் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு ஒரு மீட்டர் தள்ளியே மிதக்கப் பழகுங்கள். துருவேறிய இரும்பு முழுவதும் மென்பவளமும் கடற்பஞ்சும் படர்ந்திருக்க, தகடுகளின் நிழலில் களவா மீன் வாயை மெல்லத் திறந்து மூடிக்கொண்டு நிற்கும். பவளக் கட்டி என்று நினைத்துக் கைவைக்கும் இடம் கல்மீனாக இருக்கலாம். அதன் முதுகில் 13 நச்சு முட்கள் உண்டு. குத்திவிட்டால் உடனே கரையேறி, தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்து, மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

கப்பலின் உள்ளே நுழைய வேண்டாம். துடுப்புக்காலின் ஓர் உதை போதும், படிந்த சேறு கிளம்பி வந்த வழியை மறைத்துவிடும். தலைக்கு மேல் இரும்பு இருக்கையில் நேராக மேலே போகவும் முடியாது.

ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் சட்டெனக் குறைந்தால் குமிழிகளாகித் தீங்கு செய்யும். ஆகவே மேலேறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும். பலமுறை மூழ்கியவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் ஆக வேண்டும். நம் பக்கத்தில் பலரும் கவனிக்காத ஒன்று, காற்றழுத்தம் குறைவான மேட்டு நிலத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும் என்பது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், புதுச்சேரியில் மூழ்கிப் பழகுகிறவர்கள் அன்று இரவு அங்கேயே தங்கி, மறுநாள் புறப்பட வேண்டும்.