பழைய அமெரிக்கத் தபால் தலைகள்: நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள்

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தபால் தலைகளைச் சேகரிக்க இறங்கியவர்கள் சீக்கிரமே ஒரு இடத்தில் திகைத்து நிற்பார்கள். கேட்லாக்கில் படம் ஒன்று, தலையில் அச்சிட்ட கட்டணம் ஒன்று. பக்கத்தில் மட்டும் ‘ரோஸ்’, ‘ரோஸ் பிங்க்’, ‘பிங்க்’, ‘பிஜன் பிளட் பிங்க்’ என்று நான்கு பெயர்கள். முத்திரை குத்திய தலை என்றால் முதலாவது சில டாலருக்குக் கிடைக்கும். கடைசிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டும். நம் கையில் இருப்பது எது?

கண்ணை மட்டும் நம்பி இதற்குப் பதில் சொல்லக் கூடாது. நிறம் வெயிலில் மங்கும், காற்றில் கறுக்கும், விளக்குக்கு விளக்கு வேறாகத் தெரியும். ஓரப் பற்களின் எண்ணிக்கையோ, அச்சுத் தகட்டில் விழுந்த கோடோ அப்படி மாறாது. அதனால் மாறாதவற்றை முதலில் பார்த்து முடித்துவிட்டு, நிறத்துக்குக் கடைசியில் வர வேண்டும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.

படி 1: 3 சென்ட் வாஷிங்டனில் தொடங்குங்கள்

அமெரிக்காவின் முதல் பொதுத் தபால் தலைகள் 1847 ஜூலை 1 அன்று வந்தன: 5 சென்ட் ஃபிராங்க்ளின், 10 சென்ட் வாஷிங்டன். அந்த 5 சென்ட்டில் செம்பழுப்பு, அடர் பழுப்பு, ஆரஞ்சுப் பழுப்பு என்று அழகான நிற வகைகள் உண்டு. ஆனாலும் புதியவர்கள் அதில் தொடங்க வேண்டாம். ஒவ்வொன்றும் விலை அதிகம். பக்கத்தில் வைத்து ஒப்பிட நாலைந்து வாங்கவே பணம் கரைந்துவிடும்.

1851 ஜூலை 1-ல் அமெரிக்கா தபால் கட்டணத்தைக் குறைத்தது. முன்கூட்டியே கட்டணம் செலுத்தினால் 3,000 மைல் வரை சாதாரணக் கடிதத்துக்கு 3 சென்ட் போதும். கடிதக் கட்டணம் 2 சென்ட்டாக இறங்கிய 1883 வரை ஊரெல்லாம் புழங்கியது 3 சென்ட் தலைதான். கோடிக்கணக்கில் அச்சடித்ததால் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. அரிய நிறங்களும் அதே தலைகளுக்கு நடுவில்தான் இருக்கின்றன. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

இரண்டு தலைகள் போதும். ஒன்று, 1851-ல் ஃபிலடெல்ஃபியாவின் டாப்பன், கார்ப்பென்டர், கேசிலியர் நிறுவனம் அச்சடித்த 3 சென்ட். இதில் ‘ஆரஞ்சுப் பழுப்பு’ அரியது, ‘மங்கல் சிவப்பு’ சாதாரணம். இரண்டாவது, 1861-ல் நியூயார்க்கின் நேஷனல் பேங்க் நோட் கம்பெனி அச்சடித்த 3 சென்ட். மேலே சொன்ன பிங்க், ரோஸ் குழப்பம் இதில்தான். ‘ரோஸ்’ மட்டுமே நூறு கோடிக்கு மேல் அச்சானது.

படி 2: கருவிகள்

நுனி தட்டையான ஸ்டாம்ப் டாங்ஸ் (இடுக்கி), 10 மடங்கு பெரிதாக்கும் லூப், ஓரப் பற்களை அளக்கும் பெர்ஃபரேஷன் கேஜ், தலைகளைச் செருகி வைக்கப் பி.வி.சி. கலக்காத ஸ்டாக் புக், சாம்பல் நிற அட்டை ஒன்று. தலை வகைகளுக்கு எண் கொடுத்துப் பட்டியலிடும் ஸ்காட் கேட்லாக்கின் அமெரிக்கச் சிறப்புப் பதிப்பு அவசியம். பழைய ஆண்டுப் பதிப்பாக இருந்தாலும் அடையாளம் காண்பதற்குப் போதும். தலைகளை விரலால் தொடாதீர்கள். அவ்வளவுதான், இதில் பெரிதாகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

படி 3: அச்சு எந்தக் காலத்தது என்று முடிவு செய்யுங்கள்

முதலில் ஓரத்தைப் பாருங்கள். 1851-ன் தலைகளுக்கு ஓரப் பற்களே கிடையாது. கத்தரிக்கோலால் வெட்டிப் பிரித்தார்கள். 1857-ல் பற்கள் வந்தன. 2 செ.மீ. நீளத்துக்கு 15-க்கு மேல் இருக்கும், நெருக்கமாகத் தெரியும். 1861-க்குப் பிறகு அது 12. கேஜில் வைத்தால் நொடியில் தெரிந்துவிடும்.

1861-ல் ஏன் புதிதாக அச்சடித்தார்கள் என்பதும் நமக்கு உதவும். உள்நாட்டுப் போர் தொடங்கியபோது தென் மாநிலத் தபால் நிலையங்களில் பழைய தலைகள் ஏராளமாக இருப்பில் இருந்தன. தெற்கு அவற்றைக் காசாக்கிவிடக் கூடாது என்று போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் மான்ட்கோமரி பிளேர் காலத்தில் அரசு பழையவற்றைச் செல்லாததாக்கிப் புதியவற்றை வெளியிட்டது. அதனால் உறையோடு கிடைக்கும் தலைகளில் தேதியும் தலையும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது நல்ல சோதனை. பிங்க் 1861 ஆகஸ்ட்டில் தொடங்கிய முதல் அச்சுகளைச் சேர்ந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அச்சு ரோஸுக்கு மாறிவிட்டது. 1864-ல் எழுதிய கடிதத்தின் மேல் ‘பிங்க்’ இருப்பதாக யாராவது விற்றால் நிறுத்தி யோசியுங்கள்.

அந்தக் கால ஊர் முத்திரைகள் பலவற்றில் மாதமும் தேதியும் மட்டும் இருக்கும், ஆண்டு இருக்காது. கடிதம் உள்ளே இருந்தால் அதன் தலைப்பில் எழுதிய தேதியைப் பாருங்கள். பெற்றவர் உறையின் ஓரத்தில் கையால் குறித்து வைத்த ஆண்டும் உதவும். ஆண்டு தெரிந்த உறை ஒன்று, ஆண்டு தெரியாத உதிரித் தலைகள் பலவற்றைவிட அதிகம் கற்றுத் தரும்.

பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். 1867 முதல் சில ஆண்டுகள் தலைகளில் ‘கிரில்’ என்ற சிறு சிறு புள்ளி அழுத்தம் இருக்கும். முத்திரை மை காகிதத்தில் ஊறட்டும், கழுவிவிட்டு மறுபடி ஒட்ட முடியாமல் போகட்டும் என்பது நோக்கம். 1861 வடிவத்திலேயே கிரில் இருந்தால் அது வேறு கேட்லாக் எண். பிங்க் கேள்விக்கே இடமில்லை.

படி 4: தகட்டைப் படியுங்கள்

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இது.

1851-ன் 3 சென்ட் தகடு ஒன்றில் 200 தலைகள். அச்சுருளையிலிருந்து உருவத்தைத் தகட்டுக்கு மாற்றிய பிறகு, ஓரக் கோடுகள் மெலிதாக இருந்ததால் செதுக்குநர் ஒவ்வொரு தலையிலும் அவற்றைக் கையால் மறுபடி ஆழப்படுத்தினார். கையால் போட்ட கோடு ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஒரு தலையில் இடது கோடு மேலே சற்று நீண்டு நிற்கும். அடுத்ததில் மூலையில் இரண்டு கோடுகள் சேராமல் இடைவெளி விடும். மற்றொன்றில் உள்ளே ஒரு கூடுதல் கோடு ஓடும். லூப் வழியாகப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். கேரல் சேஸ் என்ற ஆய்வாளர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வேறுபாடுகளை வைத்தே ஒவ்வொரு தலையும் எந்தத் தகட்டில் எந்த இடத்தில் இருந்தது என்று கண்டுபிடித்துத் தகடுகளைத் திரும்பக் கட்டியெழுப்பினார்.

ஆரஞ்சுப் பழுப்பு நிறத்தில் அச்சடித்தது 1851-ன் தொடக்கத் தகடுகளில் மட்டுமே: 0, 1-ன் முதல் நிலை, 1-ன் இடைநிலை, 2-ன் முதல் நிலை, 5-ன் முதல் நிலை. ‘நிலை’ என்றால், தகட்டை எடுத்து மறுபடி செதுக்குவதற்கு முன்பும் பின்பும் உள்ள கட்டங்கள். உங்கள் தலை இந்த ஐந்துக்கு வெளியே, வேறு தகட்டைச் சேர்ந்தது என்று தெரிந்தால், கண்ணுக்கு எவ்வளவு ஆரஞ்சாகப் பட்டாலும் அது ஆரஞ்சுப் பழுப்பு ஆகாது. நிறத்தைப் பற்றிய வாதத்தைக் கோடு முடித்து வைத்துவிடும்.

தொடக்கத்திலேயே தகட்டு எண் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் தினமும் அரை மணி நேரம், பத்துப் பதினைந்து மலிவான மங்கல் சிவப்புத் தலைகளை வரிசையாக வைத்து ஓரக் கோடுகளை மட்டும் பாருங்கள். வேறுபாடு பிடிபடத் தொடங்கும்.

படி 5: வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள்

இப்போதுதான் நிறத்துக்கு வருகிறோம்.

மஞ்சள் பல்பு, டியூப் லைட், செல்போன் டார்ச் எதுவும் வேண்டாம். நேர் வெயிலும் கூடாது. காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை, நேர் வெயில் விழாத ஜன்னல் ஓர வெளிச்சம் நல்லது. அமெரிக்க நூல்கள் ‘வடக்கு ஜன்னல்’ என்று சொல்லும். தமிழ்நாட்டில் மே முதல் ஜூலை வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கும் என்பதால் அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலே சரி. இரவில்தான் நேரம் கிடைக்கும் என்றால், சி.ஆர்.ஐ. (நிறங்களை இயல்பாகக் காட்டும் திறனின் அளவு) 95-க்கு மேல் உள்ள 5,000 கெல்வின் எல்.இ.டி. விளக்கு ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பல் அட்டையில் பட்டாணி அளவுக்கு இரண்டு ஓட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். ஒன்றின் கீழ் தெரிந்த தலை, மற்றதன் கீழ் தெரியாத தலை. பழுத்த காகிதமும் கறுப்பு முத்திரையும் கண்ணை ஏமாற்றும். ஓட்டை வழியே மை மட்டும் தெரியும்போது அந்த ஏமாற்று குறையும். 1861 தலையில் வாஷிங்டன் முகத்தைச் சுற்றியுள்ள அடர்ந்த பின்னணி இதற்கு ஏற்ற இடம். ரோஸ் எவ்வளவு அடர்த்தியாக அச்சாகியிருந்தாலும் சிவப்பாகவே நிற்கும். பிங்க் குடும்பத்தில் அடியில் லேசான நீலச் சாயல் ஓடும்; பிஜன் பிளட்டில் அது இன்னும் ஆழம். மை கூடுதலாக ஏறிய ரோஸைப் பார்த்துப் பிங்க் என்று நினைப்பதுதான் புதியவர்கள் வழக்கமாக இடறும் இடம். அடர்த்தியைத் தேடாதீர்கள், சாயலைத் தேடுங்கள்.

‘தெரிந்த தலை’ என்றால் நிபுணர்கள் கொடுத்த சான்றிதழ் உள்ளது, அல்லது நம்பகமான தேதியுள்ள உறையில் இருப்பது. அச்சிட்ட புத்தகத்தின் வண்ணப்படமோ கணினித் திரையோ அந்த இடத்துக்கு வராது. செல்போன் கேமரா தானாகவே நிறத்தைத் திருத்திவிடும். விற்பவர் அனுப்பும் படத்தை வைத்து நிறம் முடிவு செய்வது வீண்.

படி 6: மாறிப்போன நிறங்களை விலக்குங்கள்

ஈயம் கலந்த மைகள் காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து ஈய சல்ஃபைடு ஆகும். சிவப்பும் ஆரஞ்சும் பழுப்பாகும், சில நேரம் கிட்டத்தட்டக் கறுப்பே ஆகிவிடும். இப்படிக் கறுத்த மங்கல் சிவப்புகள் ‘ஆரஞ்சுப் பழுப்பு’ என்ற பெயரில் சந்தையில் நிறைய உலவுகின்றன. லூப் வைத்துப் பாருங்கள்: கறுத்தது திட்டுத் திட்டாக, பெரும்பாலும் ஓரத்தில் அதிகமாக, உயிரில்லாமல் இருக்கும். உண்மையான ஆரஞ்சுப் பழுப்பு தலை முழுவதும் ஒரே சூட்டோடு இருக்கும்.

3% ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் இந்தக் கறுப்பு விலகும் என்பது உண்மை. ஆனால் கிழிந்த, மதிப்பில்லாத தலையில் மட்டுமே பழகிப் பாருங்கள். விலையுள்ளதில் கை வைத்தால் இருக்கும் மதிப்பும் போய்விடும்.

1861-ன் 24 சென்ட் தலைக்கு எதிர்ப் பிரச்சினை. வயலெட், ஸ்டீல் ப்ளூ, ரெட் லைலாக், கிரே லைலாக் என்று அதில் நிறங்கள் பல. லைலாக் மைகள் வெளிச்சத்தில் எளிதாக மங்கும், மங்கியதற்கும் ‘அரிய நிறம்’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். இந்தத் தலையை உறையிலிருந்து பிரிக்கத் தண்ணீரில் ஊறவைக்கவே வேண்டாம்.

1893-ன் கொலம்பஸ் வரிசையில் 4 சென்ட்டும் ஆசை காட்டும். வழக்கமான நிறம் அல்ட்ராமரீன். தவறான மையில் அச்சாகி 1 சென்ட்டின் நீலத்தில் வந்தவை மிக அரியவை. சற்று அடர்ந்த அல்ட்ராமரீனைப் பார்த்ததும் ‘கிடைத்துவிட்டது’ என்று நினைப்பவர்கள் ஏராளம். அதே வரிசையின் 1 சென்ட் மலிவானதுதான். ஒன்று வாங்கிச் சாம்பல் அட்டையின் கீழ் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேள்வி பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஸ்டாக் புக்கைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகமே தலையைக் கறுக்க வைக்கும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் புத்தகங்களை நிமிர்த்தி வைத்து, அலமாரியில் சிலிக்கா ஜெல் போட்டு, மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள்.

படி 7: சான்றிதழ்

நிறத்தால் மட்டுமே விலை ஏறும் தலையைச் சான்றிதழ் இல்லாமல் வாங்க வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நியூயார்க்கில் 1945 முதல் இயங்கும் ஃபிலாட்டெலிக் ஃபவுண்டேஷன், பென்சில்வேனியாவின் பெல்ஃபோன்ட்டில் உள்ள அமெரிக்கன் ஃபிலாட்டெலிக் சொசைட்டியின் நிபுணர் பிரிவு ஆகியவை பரவலாக ஏற்கப்படுபவை.

விற்பவர் சான்றிதழ் காட்டினால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். சான்றிதழ்ப் படத்தில் உள்ள முத்திரையின் கோணமும், குட்டையான பற்களும் கையிலுள்ள தலையோடு ஒத்துப்போகின்றனவா? கேட்லாக் எண் மட்டும் எழுதியிருக்கிறார்களா, நிறத்தின் பெயரையும் எழுதியிருக்கிறார்களா? எந்த ஆண்டு கொடுத்தது? பல பத்தாண்டுகள் பழைய சான்றிதழ் என்றால், இன்றைய கருவிகளோடு மறுபடி பார்த்த பிறகே முழு விலை கொடுப்பேன் என்று கேட்பதில் தப்பில்லை.

நீங்களே அனுப்புவதாக இருந்தால், அதற்கு முன் ஒரு தாளில் உங்கள் முடிவை எழுதி வையுங்கள்: ஓரப் பற்கள், கிரில் உண்டா இல்லையா, தகடு, தேதி, கடைசியாக நிறம். பதில் வந்ததும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். நிறம் தவறாகிப்போனால், அந்தத் தலையைச் சான்றிதழோடு ஸ்டாக் புக்கின் முதல் பக்கத்தில் வையுங்கள். அடுத்த முறை சாம்பல் அட்டையின் ஓர் ஓட்டைக்குக் கீழே வைக்க, பெயர் உறுதியான தலை ஒன்று உங்களிடம் இருக்கும்.