தட்டில் இருக்கும் சத்து உடம்பில் சேர: தாதுச்சத்துக் குறையை வீட்டிலேயே கவனிக்கும் முறை

துறைமுகத்து மீனும் பண்ருட்டிப் பக்கத்துக் கீரையும் அன்றாடம் வந்து சேரும் கடலூர் வீடுகளிலும் இரத்தசோகை இருக்கிறது. என்ன உண்கிறோம் என்று கணக்குப் பார்க்கும் நாம், எதனோடு சேர்த்து உண்கிறோம் என்பதைக் கவனிப்பதில்லை.

படியேறினால் மூச்சு வாங்குவது, கீழிமையின் உட்புறம் வெளுத்திருப்பது, பச்சரிசியையோ திருநீற்றையோ அள்ளித் தின்னத் தோன்றுவது ஆகியவை இரும்புச்சத்துக் குறைவைக் காட்டலாம். ஆயினும் அறிகுறியை வைத்து மாத்திரை வாங்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிட வேண்டும். 100 மி.லி. இரத்தத்தில் பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை.

முருங்கைக்கீரைப் பொரியலை இறக்கி, சூடு சற்றுத் தணிந்ததும் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தால், அதிலுள்ள வைட்டமின் சி கீரையின் இரும்பை உடல் ஏற்க உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீரும் காப்பியும் அந்த இரும்பைத் தடுத்துவிடும் என்பதால், அவற்றை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும். எங்கள் வீட்டில் கீரையைவிட இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையையும் பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்கக் கூடாது. மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயந்து நிறுத்தவும் வேண்டாம்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி. கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 340 மி.கி. உள்ளது, ஊறவைத்து முளைகட்டி அரைத்தால், அந்தக் கால்சியத்தை உடலில் சேரவிடாமல் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட் என்ற பொருள் குறையும். நெத்திலியைத் தலை கிள்ளிக் குடலை எடுத்தபின், நடுமுள்ளை உருவாமல் குழம்பில் போட்டு மென்று தின்றால் முள்ளின் கால்சியமும் கிடைக்கும். கருவாட்டில் உப்பு மிகுதி. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அயோடின் குறையாது என்று நினைப்பது தவறு. உப்பளத்துக் கல்லுப்பில் இயற்கையாக நிற்கும் அயோடின் மிகச் சொற்பம். அது குறைந்தால் கழுத்துக்கழலை வரும், கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும். ஆகவே அயோடின் சேர்த்த உப்பையே வாங்கி, மூடியுள்ள சாடியில் அடுப்பின் சூடு படாத இடத்தில் வைத்து, குழம்பை இறக்கும் நேரத்தில் போட வேண்டும்.