செங்கல்பட்டு – பீச் லோக்கலில் தினமும் வேலைக்குப் போய்வர

செங்கல்பட்டிலிருந்து சென்னை பீச் வரை சுமார் 60 கிலோமீட்டர். எல்லா நிலையத்திலும் நிற்கும் லோக்கல் ரயில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுக்கும். வண்டிக்குள் போகும் நேரத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில், இறங்கியபின் ஆபீஸ் வாசலுக்கு நடுவில் போகும் நேரம்தான் நம் கையில். ஒரு வாரம் அந்த இரண்டையும் மட்டும் குறித்து வையுங்கள். ஸ்டாண்டில் பைக்கை விட்டுப் படியேறுவதற்கே எட்டு நிமிடம் போவது அப்போதுதான் தெரியும்.

வண்டியை ஆபீஸ் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள். 9.30க்கு வருகைப் பதிவுக்கு விரல் வைக்க வேண்டும், மாம்பலத்திலிருந்து 20 நிமிட நடை என்றால், 9.10க்கு மாம்பலத்தில் இறங்க வேண்டும். அதற்குச் சரியாக வரும் வண்டியை விட்டுவிட்டு, அதற்கு முந்தையதில் ஏறுங்கள். தாம்பரத்துக்கு வடக்கே நெரிசல் நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி உண்டு. செங்கல்பட்டு, பரனூர், சிங்கபெருமாள்கோவில் பக்கம் அப்படியில்லை, ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டும். ஃபாஸ்ட் லோக்கலில் ஏறுமுன் உங்கள் நிலையத்தில் நிற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி அட்டவணை.

சீசன் டிக்கெட்டை மூன்று மாதத்துக்கு எடுத்தால் 2.7 மாதக் கட்டணம்தான். செல்பேசிச் செயலியில் எடுத்தால் வரிசையில் நிற்கும் வேலை இல்லை. ஆனால் பரிசோதகரிடம் செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. சார்ஜ் தீர்ந்த போன் டிக்கெட் இல்லாததற்குச் சமம். குறைந்தது 250 ரூபாய் அபராதமும் பயணக் கட்டணமும் கட்ட நேரும். மாலையில் பேட்டரி தாங்காத போன் என்றால் கவுன்டரிலேயே சீசன் அட்டை வாங்குவது நல்லது. சாதாரண சீசனை வைத்துக்கொண்டு ஃபர்ஸ்ட் கிளாஸிலோ, 2025 ஏப்ரலில் வந்த ஏசி வண்டியிலோ ஏறக்கூடாது.

பிளாட்பாரத்தில் எங்கே நிற்பது என்பதில்தான் அனுபவம் தெரியும். இறங்கும் நிலையத்தில் மேம்பாலப் படி எந்தப் பெட்டிக்கு எதிரே வருகிறது என்று இரண்டு நாள் கவனித்து, ஏறும் இடத்தில் அதே பெட்டிக்கு நில்லுங்கள். மாம்பலம், கிண்டி போன்ற இடங்களில் படி முன்னால் அடைபட்டு நிற்கும் ஐந்து நிமிடம் இதில் மிச்சம். என்றாவது பெட்டி குறைவான வண்டி வரலாம். அன்று பிளாட்பாரக் கோடியில் நின்றவர்கள் ஓட வேண்டியிருக்கும், அதனால் நட்டநடுவுக்குச் சற்றுப் பக்கமாகவே நிற்கும் பெட்டியைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

இருக்கை கிடைத்தால் வண்டி போகும் திசைக்கு இடப்பக்கம் உட்காருங்கள். காலையில் வடக்கே போகும்போது வெயில் வலப்பக்கம். மாலையில் தெற்கே திரும்பும்போதும் மேற்கு வெயில் வலப்பக்கமேதான்.

திரும்பும்போது எழும்பூரிலோ பூங்கா நிலையத்திலோ ஏறினால் தாம்பரம் வரை நிற்கத்தான் வேண்டும். இரண்டு மூன்று நிலையம் பின்னால் போய், பீச்சில் வண்டி கிளம்பும்போதே ஏறி உட்கார்ந்து வருபவர்கள் பலர். கால் மணி நேரம் கூடுதல், ஆனால் தாம்பரம் வரையிலான நிற்றல் மிச்சம், கணக்கு சரியாகவே வருகிறது. இதற்கு சீசன் பீச் வரை இருக்க வேண்டும். எழும்பூர் வரை எடுத்தவர் கோட்டை நிலையத்தில் பிடிபட்டால் டிக்கெட் இல்லாப் பயணிதான். முன்னால் வரும் தாம்பரம் வண்டியில் தொற்றிக்கொண்டு தாம்பரத்தில் மாறுவதில் லாபமில்லை. பின்னால் வரும் செங்கல்பட்டு வண்டி ஏற்கனவே நிரம்பித்தான் வரும்.

லோக்கலில் கழிப்பறை கிடையாது. கிளம்புமுன் காபியைப் பாதியாக்கி, தண்ணீரை வண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

காலை ஐந்தரைக்குக் கட்டும் சாப்பாடு மதியம் ஒரு மணிக்குத் திறக்கப்படும், ஏழரை மணி நேரம் தாங்க வேண்டும். சூடாக மூடினால் உள்ளே வியர்த்து ஊசிப்போகும். தட்டில் பரப்பி ஆறவிட்டு அடையுங்கள். தயிர்சாதத்தைக் குழைய வடித்த சோற்றில் பால் ஊற்றி, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்து கட்டினால் மதியத்துக்குள் தானாக உறைந்து பதமாக இருக்கும்; தயிரையே ஊற்றினால் புளித்துவிடும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், இட்லிக்கு நல்லெண்ணெயில் குழைத்த பொடி. பருப்பு போட்ட சாம்பாரைவிட வத்தக்குழம்பு நம்பகமானது.

மழைக்காலத்தில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் பாயிண்ட் (வண்டியைத் தடம் மாற்றும் அமைப்பு), சிக்னல் வேலை செய்யாமல் வண்டி மெதுவாகும் அல்லது நின்றுவிடும். நடுவழியில் நின்ற வண்டியிலிருந்து குதித்து நடக்காதீர்கள், பக்கத்துப் பாதையில் எக்ஸ்பிரஸ் வரும். கிண்டியிலும் பரங்கிமலையிலும் மெட்ரோவுக்கு மாறலாம், விமான நிலையம் வரை போகலாம் (பரங்கிமலையில் ஏறினால் ஆலந்தூரில் மாற வேண்டும்), எதிரே ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் தாம்பரத்துக்குப் பேருந்து உண்டு. தாம்பரத்தில் வண்டி நின்றுபோனால் மேற்குப் பக்கம் இறங்கி, அதே ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டுப் பேருந்தைப் பிடியுங்கள். அறிவிப்புக்காக அரை மணி காத்திருந்தால் மொத்த வண்டிக் கூட்டமும் அங்கே வந்துவிடும்.